வில்ஸ்நாக்: சந்தேகப்பட்டவர்களுக்கும் சொந்தமான கோயில்

ஜெர்மனியின் வடக்கே பால்டிக் கடலை ஒட்டிய வணிக நகரம் லூபெக். அங்கிருந்து தெற்கே போகும் பழைய சாலையோரம் 1436-ல் ஒரு கல் நட்டார்கள். பக்தர் ஒருவரின் தர்மம் அது. வில்ஸ்நாக் போகிறவர்களுக்கு அந்தக் கல் வழி சொன்னது; வழி காட்டியவருக்காகக் கடவுளை வேண்டிக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஒரு சிற்றூருக்கு இவ்வளவு பெரிய நகரத்தின் வாசலிலேயே வழிகாட்டிக் கல் தேவைப்பட்டது என்றால், அந்தத் தடத்தில் எத்தனை ஆயிரம் கால்கள் நடந்திருக்கும்!

அந்த ஊர் இன்றைக்கும் இருக்கிறது. பெர்லினிலிருந்து ஹாம்பர்க் செல்லும் ரயில் பாதையில், பிரான்டன்பர்க் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பாட் வில்ஸ்நாக் என்ற பெயரோடு. மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. தாழ்ந்த கூரை வீடுகளுக்கு நடுவே, ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத உயரத்தில், செங்கல்லால் எழும்பி நிற்கிறது புனித நிக்கோலஸ் கோயில். 'அற்புத இரத்தக் கோயில்' என்பதுதான் மக்கள் வாயில் வழங்கும் பெயர். 1383-லிருந்து 1552 வரை, ஏறத்தாழ 170 ஆண்டுகள், வட ஐரோப்பாவின் தலைசிறந்த யாத்திரைத் தலங்களில் ஒன்றாக இது விளங்கியது. ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கொலைக் குற்றம் செய்தவர்களை, பரிகாரமாக வில்ஸ்நாக் வரை நடந்து போய் வரும்படி ஃபிளாண்டர்ஸ் பக்கத்து நகர மன்றங்கள் தீர்ப்பளித்ததும் உண்டு.

இந்தக் கோயிலைப் பற்றிப் பேசும்போது இரண்டு எளிய பாதைகள் உண்டு. ஒன்று, கோதிக் கட்டடக்கலையின் அழகை மட்டும் வியந்து, அதைக் கட்டவைத்த அற்புதக் கதையை இனிமையான பழங்கதையாகச் சொல்லிக் கடந்துவிடுவது. மற்றது, பாமர மக்களை ஏய்த்துப் பறித்த பணத்தில் எழுந்த கட்டடம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. இரண்டுமே வில்ஸ்நாக்குக்கு அநீதி. ஐரோப்பாவில் இத்தனை வெளிப்படையாக, இத்தனை நீண்ட காலம், இத்தனை பெரிய மனிதர்களால் கேள்வி கேட்கப்பட்ட யாத்திரைத் தலங்கள் மிகச் சில. அந்தக் கேள்விகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கோயிலின் பாதி வரலாறு போய்விடும். நம்பி நடந்தவர்களுக்கு எவ்வளவு சொந்தமோ, சந்தேகப்பட்டு எழுதியவர்களுக்கும் அவ்வளவு சொந்தம் இந்தச் சுவர்கள்.

கதை ஒரு தீவைப்பில் தொடங்குகிறது. 1383 ஆகஸ்ட் மாதம் ஹைன்ரிஷ் ஃபன் பியூலோ என்ற குறுநில வீரர், ஹாவெல்பெர்க் ஆயரோடு இருந்த பகையில், அவர் ஆளுகைக்கு உட்பட்ட கிராமங்களைக் கொளுத்தினார். வில்ஸ்நாக்கும் அதன் சிறு கோயிலும் எரிந்து போயின. சில நாள் கழித்து, யோஹன்னஸ் கபூஸ் என்ற பங்குக் குரு சாம்பலைக் கிளறியபோது பலிபீடத்தில் மூன்று நற்கருணை அப்பங்கள் கருகாமல் கிடந்தன என்றும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளி இரத்தம் இருந்தது என்றும் செய்தி பரவியது. அணையாத மெழுகுவத்திகள், எழுந்து நடந்த முடவர்கள் என்று அடுத்தடுத்துக் கதைகள் வந்தன. மறு ஆண்டே, 1384-ல், போப் ஆறாம் உர்பன் கோயிலை மீண்டும் கட்ட உதவுகிறவர்களுக்குப் 'பலன்' அறிவித்தார். செய்த பாவத்துக்கான தண்டனையைத் திருச்சபை குறைத்துத் தருவதையே கத்தோலிக்கர்கள் பலன் என்பார்கள். சாம்பல் ஆறுவதற்குள் வில்ஸ்நாக் ரோமாபுரியின் பதிவேட்டில் ஏறிவிட்டது.

ஏன் அப்படிச் சனம் திரண்டது என்பதைப் புரிந்துகொள்ளக் காலத்தைப் பார்க்க வேண்டும். கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடி ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. அது திரும்பத் திரும்ப வந்துகொண்டும் இருந்தது. 1378 முதல் ரோமில் ஒரு போப், அவிஞ்ஞோனில் இன்னொரு போப் என்று திருச்சபையே பிளந்து கிடந்தது. திருப்பலியில் கிறிஸ்துவின் இரத்தமாகக் கருதப்படும் திராட்சை ரசத்தைக் கிண்ணத்திலிருந்து பருகும் உரிமை குருக்களுக்கு மட்டுமே என்றாகி, சாதாரண மக்களுக்கு அப்பத்தைக் கண்ணால் பார்ப்பதே பெரும்பேறாக இருந்தது. குருவுக்கு மட்டும் உரியதாகிவிட்ட அந்த இரத்தம், ஏழைக் கிராமம் ஒன்றின் சாம்பலில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது என்ற செய்தி எந்த மனதை அசைக்காமல் இருக்கும்?

பணமும் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஹாவெல்பெர்க் ஆயர் யோஹான் ஃபன் வோபெலிட்ஸ் 1396-ல் வில்ஸ்நாக் பங்கைத் தம் ஆயரகத்தோடு இணைத்துக்கொண்டு, காணிக்கையை மூன்றாகப் பிரித்தார். ஒரு பங்கு ஆயருக்கு, ஒரு பங்கு ஹாவெல்பெர்க் கதீட்ரலுக்கு, ஒரு பங்கு வில்ஸ்நாக் கோயில் கட்டுவதற்கு. ஹாவெல்பெர்க் கதீட்ரலுக்குள் இன்றும் பார்க்கிறவர்களை நிறுத்திவைக்கும் கல் தடுப்பு மாடம் ஒன்று உண்டு. கிறிஸ்துவின் பாடுகளை வரிசையாகச் செதுக்கிய அந்த அருமையான வேலைப்பாட்டுக்குச் செலவானது வில்ஸ்நாக் யாத்ரீகர்களின் காசு. ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த சிறு முத்திரைகளும் விற்றன. முக்கோணமாக மூன்று அப்பங்கள், ஒவ்வொன்றிலும் கிறிஸ்துவின் கதையிலிருந்து ஒரு காட்சி. யாத்ரீகர்கள் அதைத் தொப்பியில் தைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். உள்ளூர் மணி வார்ப்பவர்கள் அதே முத்திரையை அச்சாக வைத்துப் புது மணிகளில் பதித்தார்கள். வட ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவியாவிலும் பல கோயில் மணிகளில் வில்ஸ்நாக்கின் மூன்று வட்டங்கள் இன்றும் இருக்கின்றன.

இந்தக் காசில்தான் பதினான்காம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பதினாறாம் நூற்றாண்டு வரை, விட்டு விட்டு, கோயில் எழுந்தது. பிற்காலக் கோதிக் என்றதும் பலர் மனதில் வருவது கல்லில் செய்த சரிகை வேலை. பிரான்ஸில் ஷலோன் நகரத்துக்கு அருகே வயல்வெளி நடுவில் நிற்கும் லெப்பீன் யாத்திரைக் கோயில் அதற்கு நல்ல உதாரணம். 1405 வாக்கில் தொடங்கி 1527-ல் முடிந்தது. தீநாக்குப் போல நெளியும் கல் வரிகள், காற்று புகுந்து வெளியேறும் ஊசிக் கோபுரங்கள், கூரை நீரை வாய்வழியே உமிழும் விலங்கு உருவங்கள் எல்லாம் அங்கே உண்டு. லொரேன் பகுதியின் சன் நிக்கொலா த போர் கோயிலும் (1481–1560) அந்த வகைதான். வில்ஸ்நாக்கில் இவை எதையும் தேடக் கூடாது. அங்கே செதுக்கத்தக்க கல் கிடையாது.

வட ஜெர்மானியச் சமவெளியில் மலை இல்லை, வெட்டியெடுக்கக் கட்டடக்கல்லும் அரிது. பனியுகத்தில் பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன உருண்டைக் கருங்கற்களும் களிமண்ணுமே அந்த மண்ணின் சொத்து. கிராமத்துக் கோயில்களை உருண்டைக் கற்களால் கட்டினார்கள். பெரிய கட்டடம் வேண்டுமென்றால் களிமண்ணைத்தான் சுட வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எல்பே ஆற்றங்கரையில் யெரிஷோ மடாலயம் செங்கல்லில் எழுந்ததிலிருந்து, லூபெக், ஸ்ட்ரால்சுண்ட், டான்சிக் என்று கடலோர நகரங்கள் அந்தக் கலையை உச்சிக்குக் கொண்டுபோயின. அன்றைய செங்கல் இன்றையதைவிடப் பெரியது. நீளமே ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் இருக்கும். களிமண்ணைப் பிசைந்து, மரச்சட்டத்தில் அடித்து, நிழலில் உலர்த்தி, சூளையில் நாள்கணக்கில் வேகவைத்து எடுக்க வேண்டும். சன்னல் ஓரத்தின் வளைவுக்கும், தூணின் உருட்டுக்கும், கூரையைத் தாங்கும் விலா வளைவுக்கும் தனித்தனி அச்சு. சுட்டபின் செதுக்கினால் மேல்தோல் போய் ஈரம் உள்ளே இறங்கிவிடும் என்பதால், வடிவத்தை எல்லாம் சூளைக்குப் போகும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். கல் சிற்பி உளியோடு நின்று யோசிக்கலாம். செங்கல் கொத்தனாருக்கு அந்த வசதி இல்லை.

அதனால்தான் செங்கல் கோதிக் கோயில்கள் அலங்காரத்தில் சிக்கனமும் அளவில் துணிச்சலும் கொண்டவை. வில்ஸ்நாக் கோயிலின் பலிபீடப் பகுதி நீண்டு கிழக்கே போய்ப் பலகோணமாக முடிகிறது. அதன் சுவர் பெரும்பாலும் சன்னல்தான். ஒடுங்கி உயர்ந்த கூர்முனைச் சன்னல்கள் அடுத்தடுத்து நிற்க, இடையிலுள்ள முட்டுச்சுவர்கள் கூரையின் பாரத்தை வாங்கித் தரைக்குக் கொண்டுபோகின்றன. சன்னல்களில் பதினைந்தாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி கணிசமாகத் தப்பியிருக்கிறது. போர்களும் மதமாற்றமும் கண்ட நாட்டில் இது சாதாரணச் செய்தி இல்லை. வடக்கும் தெற்கும் கை நீட்டும் குறுக்குக்கூடம் ஒரு கிராமத்துக்குத் தேவையான அளவைப்போலப் பலமடங்கு பெரியது. தெற்குப் பக்கத்தில் அற்புத இரத்தச் சிற்றாலயம். அதில் கதவுகளில் ஓவியம் தீட்டிய பழைய பேழை, மூன்று அப்பங்களும் இருந்த இடம், இன்றும் உள்ளது.

இந்த அமைப்பைப் பார்த்தால் கட்டியவர்களின் கவலை புரிகிறது. திருவிழா நாளில் ஆயிரக்கணக்கில் வருகிறவர்கள் ஒரு வாசலில் நுழைந்து, பேழையைத் தரிசித்து, பாட்டுப் பூசை நடக்கும் பலிபீடத்தை மறிக்காமல் இன்னொரு வாசலில் வெளியேற வேண்டும். கூட்டம் நகர்வதற்கான கட்டடம் இது. கிழக்குப் பக்கத்தின் பெருமிதத்துக்கு மேற்குப் பக்கம் ஈடுகொடுக்கவில்லை என்று கலை வரலாறு படித்தவர்கள் குறைப்பட்டுக்கொள்ளலாம். எரிந்துபோன பழைய கோயிலின் கோபுர மிச்சத்தையும் புதுக் கட்டடம் மேற்கே தனக்குள் வாங்கிக்கொண்டது. ஆனால் காணிக்கையை நம்பி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டப்படும் எந்தக் கோயிலும் ஒரே மூச்சில் வரைந்த ஓவியம்போல இருக்க முடியாது. வரவு குறைந்த ஆண்டுகளும் சண்டை மூண்ட ஆண்டுகளும் அதன் சுவரில் தெரியத்தான் வேண்டும்.

சண்டை சீக்கிரமே வந்தது. பொஹிமியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வில்ஸ்நாக் போகத் தொடங்கியதும், பிராக் பேராயர் ஸ்பிநியெக் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். அந்தக் குழுவில் இருந்த இளம் பேராசிரியர்களில் ஒருவர் யான் ஹுஸ். பின்னாளில், 1415-ல், கான்ஸ்டன்ஸ் நகரத்தில் உயிரோடு எரிக்கப்பட்ட அதே ஹுஸ். இந்தக் குழு செய்த வேலை இன்றைய புலனாய்வுச் செய்தியாளர் எவரும் மெச்சத்தக்கது. குணமானவர்கள் என்று பெயர் சொல்லப்பட்டவர்களைத் தேடிப்பிடித்துச் சத்தியம் வாங்கிக் கேட்டார்கள். கால் சரியானதாகச் சொல்லப்பட்ட சிறுவனின் கால் முன்னைவிட மோசமாக இருந்தது. பார்வை பெற்றதாகச் சொல்லப்பட்ட இரு பெண்கள், தாங்கள் ஒருபோதும் குருடாக இருந்ததில்லை, கண்வலிதான் இருந்தது என்றார்கள்.

இன்னொரு சம்பவத்தையும் ஹுஸ் எழுதிவைத்திருக்கிறார். கை சூம்பிப்போன பிராக் நகரவாசி ஒருவர் வில்ஸ்நாக்குக்கு வெள்ளியில் ஒரு கை செய்து காணிக்கை கொடுத்தார். குணம் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் உடனே ஊர் திரும்பாமல், தம் காணிக்கையைப் பற்றி என்ன சொல்வார்கள் பார்ப்போம் என்று அங்கேயே மறைவாகத் தங்கினார். மூன்றாம் நாள் பிரசங்கத்தில் குரு அந்த வெள்ளிக் கையைத் தூக்கிக் காட்டி, பிராக்கிலிருந்து வந்தவருக்குக் கை சுகமாகிவிட்டது என்று அறிவித்தார். கூட்டத்திலிருந்து அந்த மனிதர் எழுந்தார். சூம்பிய கையை எல்லோரும் பார்க்க உயர்த்தி, சொல்வது பொய் என்று அந்த இடத்திலேயே சொன்னார். நம்பிக்கையோடு வெகுதூரம் வந்து, ஏமாந்து, பிறகு அத்தனை பேர் நடுவில் உண்மையைச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? வில்ஸ்நாக்கின் பெரிய மனிதர்கள் பட்டியலில் ஆயர்களுக்கு முன்னால் வைக்க வேண்டியவர் இவர்தான்.

1405-ல் பிராக் மறைமாவட்டம் வில்ஸ்நாக் யாத்திரையைத் தடைசெய்தது. கிறிஸ்துவின் இரத்தம் பற்றி ஹுஸ் எழுதிய லத்தீன் நூலின் வாதம் எளிமையானது: உயிர்த்தெழுந்த கிறிஸ்து தம் இரத்தம் முழுவதோடும் மகிமை பெற்றார், ஆகவே பூமியில் எங்கோ ஒரு பேழையில் அதன் துளி மிஞ்சியிருக்க வழியில்லை, விசுவாசிக்கு அடையாளங்களைத் தேடி ஓட வேண்டிய அவசியமும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, அற்புதத்தை எதிர்த்தவர்கள் மதத்தை எதிர்த்தவர்கள் அல்ல என்பது. ஆழ்ந்த பக்தியே அவர்களை அப்படிக் கேட்கவைத்தது.

அடுத்து வந்தவர் மாக்டபர்க் கதீட்ரலைச் சேர்ந்த ஹைன்ரிஷ் டோக்கே. 1443-ல் வில்ஸ்நாக் போய்ப் பேழையைத் திறக்கச் சொல்லி நேரிலேயே பார்த்தார். சிவப்பு நிறமே இல்லை, அப்பங்கள் உளுத்து ஏறக்குறைய அழிந்துவிட்டன என்று எழுதினார். அதற்கு எதிர்விளைவு என்ன? 1447-ல் போப் நான்காம் யூஜின் யாத்திரைக்கு ஆதரவாகவே ஆணை பிறப்பித்தார். பழைய அப்பங்களுக்கு அருகே புதிதாக அர்ச்சித்த ஓர் அப்பத்தையும் வைக்கச் சொன்னார். பழையது உளுத்துப்போயிருந்தாலும் வணங்குகிறவர் தவறான பொருளை வணங்கியதாக ஆகிவிடக் கூடாதே என்பதற்கு அந்த ஏற்பாடு. காலத்தின் அரசியலையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த ஆணை விளங்கும். பாசெல் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தோடு மோதிக்கொண்டிருந்த போப்புக்கு ஜெர்மானிய இளவரசர்களின் தயவு தேவைப்பட்டது. பிரான்டன்பர்க்கை ஆண்ட இரண்டாம் ஃபிரீட்ரிஷ் அந்தத் தருணத்தில் போப் பக்கம் சேர்ந்தார். பதிலுக்குத் தம் நாட்டு ஆயர்களை முன்மொழியும் உரிமையைப் பெற்றார், வில்ஸ்நாக்கும் காப்பாற்றப்பட்டது.

1451-ல் போப்பின் தூதராக ஜெர்மனி முழுவதும் சுற்றிவந்தார் நிக்கோலஸ் கூசானுஸ். அந்த நூற்றாண்டின் மிகக் கூர்மையான சிந்தனையாளர்களில் ஒருவர். கணிதமும் தத்துவமும் கற்றவர். அந்த ஜூலையில் ஹால்பர்ஸ்டாட் நகரத்திலிருந்து அவர் ஆணையிட்டார்: இரத்தம் கசிந்ததாகச் சொல்லப்படும் அப்பங்களை இனி மக்களுக்குக் காட்டக் கூடாது, முத்திரைகளும் வார்க்கக் கூடாது. பணத்தின் பொருட்டுக் குருக்களே இதை வளர்க்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஊரின் பெயரை அவர் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஹாவெல்பெர்க் ஆயர் பணிய மறுத்தார். மாக்டபர்க் பேராயர் அவரைத் தண்டித்தார். ஆயரும் பதிலுக்கு எதிர்த் தண்டனை விதித்தார். கடைசியில் 1453-ல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் தண்டனைகளை நீக்கி, சச்சரவை வில்ஸ்நாக்குக்குச் சாதகமாக முடித்துவைத்தார்.

இத்தனைக்கும் நடுவே மக்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். இங்கிலாந்தின் லின் நகரத்து மார்ஜரி கெம்ப் 1433-ல், அறுபது வயதை எட்டியிருந்த நிலையில், டான்சிக்கிலிருந்து ஊர் திரும்பும் வழியில் வில்ஸ்நாக் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய நூலே ஆங்கில மொழியின் முதல் தன்வரலாறாகப் பேசப்படுகிறது. வழித்துணை வந்தவரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவித்ததையும், நோயில் விழுந்ததையும் அதில் படிக்கலாம். ஹுஸின் நூலை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. படித்திருந்தாலும் நடையை நிறுத்தியிருப்பாரா என்பது சந்தேகம். 1475-ல் இன்னும் விசித்திரமானது நடந்தது. துரிங்கியாவிலும் ஃபிராங்கோனியாவிலும் சிறுவர்களும் இளைஞர்களும் பெற்றோரிடமும் எஜமானரிடமும் சொல்லாமல், கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, வில்ஸ்நாக்கை நோக்கிக் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். நகர மன்றங்கள் திகைத்துப்போயின. இவர்களை எல்லாம் ஏமாளிகள் என்று எழுதித் தள்ளுவது எளிது. பலர் ஊரைத் தாண்ட உரிமையில்லாமல் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த காலத்தில், சாதாரண மனிதருக்கு உலகத்தைத் திறந்துவிட்ட கதவுகளில் முக்கியமானது யாத்திரை. அந்த ஏக்கத்தை மதிக்காமல் இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

1520-ல் மார்ட்டின் லூதர் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய அறைகூவலில், இடித்துத் தரைமட்டமாக்க வேண்டிய யாத்திரைத் தலங்களின் பெயர்களைச் சொன்னார். அதில் வில்ஸ்நாக்கும் இருந்தது. பிரான்டன்பர்க் 1539-ல் லூதரின் சீர்திருத்தத்துக்கு மாறியது. ஆனால் ஹாவெல்பெர்க் கதீட்ரலின் கத்தோலிக்கக் குருக்கள் பேழையை விட்டுக்கொடுக்கவில்லை, யாத்ரீகர்களும் நிற்கவில்லை. வில்ஸ்நாக்கின் முதல் லூத்தரன் போதகர் யோவாஹிம் எல்லெஃபெல்ட் பொறுத்துப் பார்த்தார். 1552 மே 28 அன்று பேழையைத் திறந்து, படிகக் கலத்தை உடைத்து, உள்ளே இருந்தவற்றை நெருப்பிலிட்டார். நெருப்பில் பிழைத்ததாகப் புகழ்பெற்றவை நெருப்பிலேயே முடிந்தன. கதீட்ரல் குருக்கள் அவரைப் பிடித்துப் பக்கத்துப் பிளாட்டன்பர்க் கோட்டையில் அடைத்தார்கள். நாட்டைவிட்டு வெளியேறும் நிபந்தனையோடுதான் விடுதலை கிடைத்தது. யாத்திரை நின்றது. கோயில் மட்டும் லூதர் கேட்டபடி இடிக்கப்படவில்லை. ஊரின் பங்குக் கோயிலாகத் தொடர்ந்தது.

இனி, எவரும் இலகுவாகப் பேச விரும்பாத பகுதி. இரத்தம் கசியும் அப்பம் என்ற நம்பிக்கை மற்ற ஊர்களில் யூதர்களின் உயிரைக் குடித்தது. அப்பத்தைத் திருடிக் குத்தினார்கள் என்று குற்றம்சாட்டி 1492-ல் மெக்லன்பர்க்கின் ஸ்டெர்ன்பெர்க் நகரத்தில் 27 யூதர்களை எரித்தார்கள். உடனே அங்கே யாத்திரை தொடங்கியது. 1510-ல் பெர்லினிலேயே அதே குற்றச்சாட்டில் 38 பேரை எரித்தார்கள். 1519-ல் ரேகன்ஸ்பர்க் நகரம் தன் யூதர்களை விரட்டிவிட்டு, அவர்களின் தொழுகைக்கூடத்தை இடித்து, அந்த இடத்திலேயே மாதாவுக்கு யாத்திரைக் கோயில் எழுப்பியது. வில்ஸ்நாக்குக்கு வெகுதூரம் இல்லாத ஹைலிகன்கிராப கன்னியர் மடத்தில் 1512-ல் நேர்ந்தளிக்கப்பட்ட சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. யூதர் ஒருவர் அப்பத்தைத் திருடியதாகச் சொல்லும் பழங்கதையை அந்த மடம் ஓவியங்களாகவே தீட்டி வைத்தது. செங்கல் வேலைப்பாட்டில் மிக அழகான கட்டடம் அது.

வில்ஸ்நாக்கின் கதையில் யூதர் மீது பழி இல்லை. கோயிலைக் கொளுத்தியவர் கிறிஸ்தவ வீரர். அவர் பெயரும் எல்லோருக்கும் தெரியும். இந்த வேறுபாட்டை வில்ஸ்நாக் ஆய்வுகளில் முக்கியமானதான கரோலின் வாக்கர் பைனமின் நூலும் (2007) அழுத்திச் சொல்கிறது. ஆனால் இதைச் சொல்லி வில்ஸ்நாக்கை முழுக்க விடுவித்துவிட முடியாது. பக்கத்து ஊர் இரத்தத்தால் செழித்ததைப் பார்த்துத்தான் மற்ற ஊர்களும் தங்களுக்கென ஓர் இரத்தத்தைத் தேடின. பொய் அற்புதம் யாரையும் புண்படுத்தாது, ஏழைகளுக்கு ஆறுதல் தருகிறதே என்று வாதிடுகிறவர்கள் ஸ்டெர்ன்பெர்க்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஹுஸும் டோக்கேயும் கேட்ட கேள்விகள் பண்டிதர்களின் பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஒரு காலத்தில் அந்தக் கேள்விகளுக்கு அரசர்களும் போப்புகளும் செவிசாய்த்திருந்தால் சில நெருப்புகள் மூட்டப்படாமலே போயிருக்கலாம்.

இன்றைய நிலைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைச் சுற்றியிருந்த இரும்புச் சத்துள்ள சேற்றுமண் மருத்துவக் குளியலுக்கு ஏற்றது என்று தெரிந்து, வில்ஸ்நாக் மறுபடியும் நோயாளிகள் வரும் ஊரானது. 1929-ல் 'பாட்', அதாவது குளியல் ஊர், என்ற பட்டமும் பெயரோடு சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு உட்பட்ட கிழக்கு ஜெர்மனியில் கோயில் உறுப்பினர் எண்ணிக்கை தொடர்ந்து சரிந்தது. 1990-ல் நாடு ஒன்றான பிறகும் அது திரும்பவில்லை. அந்தப் பகுதி மக்களில் பெரும்பாலோர் இன்று எந்தத் திருச்சபையையும் சேராதவர்கள். இப்படிப்பட்ட இடத்தில், பல்லாயிரம் யாத்ரீகர்களுக்காகக் கட்டிய கட்டடத்தின் கூரையையும் வண்ணக் கண்ணாடியையும் ஒரு சிறு பங்கு தன் கையிலுள்ளதைக் கொண்டு காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

2000-களின் நடுவில் பெர்லினின் மரியாள் கோயிலிலிருந்து வில்ஸ்நாக் வரை பழைய யாத்திரைப் பாதையைச் சுமார் 130 கிலோமீட்டருக்கு அடையாளமிட்டுத் திறந்தார்கள். நாரைகள் கூடு கட்டும் லினும், ஃபேர்பெல்லின், கிரிட்ஸ் என்று சிற்றூர்கள் வழியாகப் போகும் பாதை. ஒரு வாரம் நடந்தால் முடித்துவிடலாம். நடக்கிறவர்களில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் உண்டு. அவர்களை உண்மையான யாத்ரீகர்கள் இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை கிடையாது. நடையின் முடிவில் அவர்கள் சென்று சேர்வது காலியான ஒரு பேழைக்கு முன்னால்.

அந்தப் பேழை காலியாகவே இருக்கட்டும். அதன் அருகில் 1383-ன் கதையைச் சொல்லும் அளவுக்கு விரிவாக 1405-ம், 1443-ம், 1451-ம், 1552-ம் சொல்லப்பட வேண்டும். பிராக் மனிதரின் சூம்பிய கைக்கு, மார்ஜரி கெம்பின் களைத்த கால்களுக்குக் கொடுக்கும் இடத்துக்குக் குறையாத இடம் வேண்டும். பயணக் கையேடுகளில் இந்தக் கோயிலை 'மாயம் நிறைந்த இடம்' என்று விற்பது நடந்து வந்தவர்களையும் கேள்வி கேட்டவர்களையும் ஒருசேர அவமதிப்பதாகும்.

செலவைப் பொறுத்தவரை, இதை அந்தச் சிறு பங்கின் தலையில் மட்டும் கட்டக் கூடாது. கட்டியபோதே இது ஓர் ஊரின் பணத்தில் எழவில்லை. பாதி ஐரோப்பாவின் காசு இதில் இருக்கிறது. ஆகவே பராமரிப்பும் மாநிலத்தின், நாட்டின், ஐரோப்பிய நினைவுச்சின்ன நிதிகளின் பொறுப்பாக வேண்டும். பதிலுக்கு, கதவு எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை நடக்கும் கோயிலாகவும் இது தொடர வேண்டும். ஆராதனையை நிறுத்தி அருங்காட்சியகமாக்கினால் பராமரிக்க எளிது என்று சிலர் சொல்லலாம். ஆனால் எல்லெஃபெல்ட் அந்தப் பேழையை உடைத்ததே இங்கே வேறு விதமான வழிபாடு நடக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இன்னொரு காரியமும் தாமதமின்றி நடக்க வேண்டும். வில்ஸ்நாக்கும் ஹைலிகன்கிராபவும் ஒரே பிரிக்னிட்ஸ் வட்டாரத்தில், ஒரே காலத்தில், ஒரே களிமண்ணில் எழுந்த இரண்டு இரத்தத் தலங்கள். ஒன்றுக்குப் போகிறவர்கள் இன்னொன்றுக்கும் போகும்படி யாத்திரைப் பாதையை இணைத்து, பழி சுமத்தாத கதையையும் பழி சுமத்திய கதையையும் அடுத்தடுத்து வைத்து, ஸ்டெர்ன்பெர்க்கிலும் பெர்லினிலும் எரிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை இரண்டு வாசல்களிலும் எழுதிவைக்க வேண்டும். அதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. இரண்டு பலகைகளும், வட்டார நிர்வாகமும் திருச்சபையும் சேர்ந்து எடுக்கும் ஒரு முடிவும் போதும்.